ஜிம்மி ஏன் இருமுகிறது?

விடியற்காலை நாலரை மணி. வாசல் கம்பியில் ஆவின் பால் பையை மாட்டும் சத்தம் கேட்டதும் ஜிம்மி குரைக்கும். முதல் குரைப்பு கணீரென்று வரும். இரண்டாவது கொஞ்சம் கம்மும். மூன்றாவது பாதியிலேயே உடைந்து இருமலாகிவிடும். வாத்து கத்துவதைப்போல நாலைந்து தடவை. கழுத்தை முன்னால் நீட்டி, முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் ஓர் ஓங்கரிப்பு. தரையில் எட்டணா அகலத்துக்கு வெள்ளை நுரை. அதை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டும்.

சென்னையின் தென்புறநகரில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஜிம்மிக்குப் பன்னிரண்டு வயது. 'பொமரேனியன்' என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்கிற வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் வந்து ஊரையே மயக்கியதே, அதே ஜாதி. ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருந்தால் இந்த உடம்புக்குப் போதும். ஜிம்மி ஒன்பதரை கிலோ. காலையில் மேரி பிஸ்கட், மதியம் தயிர்சாதம், சாயங்காலம் மறுபடி பிஸ்கட், ராத்திரி யார் சாப்பிடுகிறார்களோ அவர்கள் தட்டிலிருந்து ஒரு பங்கு.

இருமல் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு மருத்துவர்கள், நான்கு வகை மாத்திரைகள், தேனும் துளசிச்சாறும், பக்கத்து வீட்டுக்காரரின் 'தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும், வாழைப்பழத்தைக் குடுங்க' என்ற யோசனை, எல்லாம் ஆயிற்று. இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

வயதான நாய்க்கு விடாத இருமல் வந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எவ்வளவு நெளிவுசுளிவான வேலை என்பதற்கு ஜிம்மி நல்ல உதாரணம். காரணமே கிடைக்காமல் போவது இதில் பெரிய ஆபத்து அல்ல. முதலில் கிடைக்கும் காரணத்தோடு திருப்திப்பட்டு நின்றுவிடுவதுதான் ஆபத்து.

வாந்தியா, இருமலா?

நாய் வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியத்தில் இருமல் என்ற வார்த்தையே பல நேரம் இருக்காது. 'வாந்தி எடுக்குது டாக்டர், ஆனா ஒண்ணும் வெளிய வரல' என்பார்கள். 'எதையோ முழுங்கிட்டான்' என்பார்கள். ஜிம்மி விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. முதலில் போன இடத்தில் ஆசிரியை வாந்தி என்று சொன்னார். வாந்திக்கு ஊசி போட்டார்கள்.

நாயின் இருமல் பெரும்பாலும் ஓங்கரிப்பில் போய் முடிவதுதான் குழப்பத்துக்குக் காரணம். வாந்தி என்றால் முதலில் வயிறு பிசையும்; அடிவயிறு பலமாகச் சுருங்கி விரியும்; பிறகு சாப்பாடோ மஞ்சள் பித்தமோ வரும். இருமலில் சத்தம் முதலில், ஓங்கரிப்பு கடைசியில். வருவதும் நுரை அல்லது கொஞ்சம் கோழை. இன்னொரு சங்கதியும் உண்டு. சின்ன ஜாதி நாய்கள் சில சமயம் நின்ற இடத்திலேயே மூக்கால் 'சர்ர் சர்ர்' என்று மூச்சை உள்ளே இழுக்கும். மூச்சு முட்டிச் சாகப்போகிறதோ என்று வீடே பதறும். அது தலைகீழ்த் தும்மல். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். அதற்கும் இருமலுக்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் வாயால் விவரித்துப் புரியவைப்பது கஷ்டம். மருத்துவமனை மேஜையில் ஏற்றி வைத்தால் பயத்தில் எந்த நாயும் இருமாது. இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் வந்த மிக உபயோகமான கருவி எது என்று கேட்டால், செல்போன் கேமரா என்று தயங்காமல் சொல்லலாம். முப்பது விநாடி வீடியோ போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதர்களுக்கான இருமல் சிரப்பில் இருமல் மருந்து மட்டும் இருப்பதில்லை. பலவற்றில் பாராசிட்டமாலும் மூக்கடைப்புக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கும். இரண்டுமே நாய்க்கு விஷமாகக்கூடியவை. சர்க்கரை இல்லாதது என்று போட்டிருந்தால் இன்னும் உஷார். இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்பிலோ இன்சுலினைக் கொட்டவைத்து, ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

மர்மர் கேட்டது, அப்புறம்?

இரண்டாவதாகப் போன மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். லப்-டப் கேட்க வேண்டிய இடத்தில் 'லஷ்ஷ்-டப்' என்று கேட்டது. 'ஹார்ட்ல மர்மர் இருக்கும்மா. வயசாச்சு இல்லையா, அதான் இருமல்' என்றார். சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை தினம் இரண்டு வேளை, அதோடு இதயத்துக்கு ஒன்று. அன்று முதல் ஜிம்மி தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்வதும், ஹாலில் குளம் கட்டுவதுமாக இருந்தது. இருமல் குறையவில்லை.

அந்த மருத்துவர் சொன்னது பொய்யல்ல. மர்மர் இருந்தது நிஜம். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் முக்கால்வாசி ஒரே வகை என்பது வட அமெரிக்காவின் கணக்கு. இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு, வயதாக ஆகத் தடித்து, ஓரம் சுருண்டு, சரியாக மூடாமல் போகிறது. கீழறை அழுத்தும்போது ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் மேலறைக்கே திரும்பிவிடும். அந்தக் கசிவின் சத்தம்தான் மர்மர். சின்ன ஜாதி நாய்களுக்குப் பத்து வயதைத் தாண்டிவிட்டால் இது சர்வ சாதாரணம். கசிவை வைத்துக்கொண்டே வருஷக்கணக்காகச் சுகமாக ஓடியாடுகிற நாய்கள் ஏராளம்.

சிக்கல் இங்கேதான். வயதான சின்ன நாய்களில் மர்மர் சாதாரணம், இருமலும் சாதாரணம். இரண்டும் ஒரே நாயிடம் இருக்கிறது என்பதால் ஒன்று மற்றதைப் பெற்றது என்று ஆகிவிடாது.

இதயம் பழுதானால் நுரையீரலில் நீர் கோக்கும், நீர் கோத்தால் நாய் இருமும் என்பதுதான் வெகுகாலமாகப் பாடம். அண்மைக் காலத்தில் இதய நிபுணர்கள் பலர் இந்தப் பாடத்தை மறுபடி புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் குரல்வளை, மூச்சுக்குழாய், அது கிளை பிரியும் இடங்கள் ஆகியவற்றில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. நீர் முதலில் கோப்பதோ அவற்றுக்கெல்லாம் அப்பால், நுரையீரலின் கடைக்கோடியில், காற்று நுண்ணறைகளில். அங்கே நீர் சேர்ந்தால் நாய்க்கு மூச்சு வேகமாகும், இளைக்கும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கும். இருமல் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

அப்படியானால் இதயத்தால் இருமலே வராதா? வரும், வேறு வழியில். இடது மேலறை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு நேர் கீழே இருக்கிறது. கசிவு அதிகமாகி மேலறை பலூன்போல ஊதினால், மேலே இருக்கும் இடது மூச்சுக்கிளையை முட்டும். ஏற்கெனவே தளர்ந்துபோன குழாய் என்றால் அது நசுங்கும், நாய் இருமும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி மர்மர் உண்டா என்பதல்ல, இதயம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது.

நீர் கோத்திருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நாய் நன்றாகத் தூங்கும்போது, கனவில் கால் உதறாத நேரமாகப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முறை என்று கணக்கு வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30-க்குள் இருந்தால் கவலையில்லை. தினம் எண்ணும்போது 20, 22 என்று இருந்தது 35, 40 என்று ஏறினால், நடுராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். செலவில்லாத சோதனை இது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ரத்தப் பரிசோதனை செய்கிற வீடுகளில்கூட இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

முதுகெலும்பே அளவுகோல்

மூன்றாவது மருத்துவர் பெண். நாயைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். எப்போது இருமுகிறது, ராத்திரி தூக்கத்திலா, யாராவது வரும்போதா? தண்ணீர் குடித்ததும் இருமுகிறதா? கழுத்துப்பட்டையை இழுக்கும்போது? குரைக்கும் குரல் மாறியிருக்கிறதா? வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?

கடைசிக் கேள்விக்கு ஆசிரியை கொஞ்சம் கோபப்பட்டார். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாய்க்குக் காசநோய் வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் கூட வாழும் மனிதரிடமிருந்துதான் வரும்.

பிறகு வீடியோவைப் பார்த்தார். மூச்சுக்குழாயைக் கழுத்தில் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். உடனே ஜிம்மியிடமிருந்து அதே வாத்துச் சத்தம். 'எக்ஸ்ரே எடுக்கலாம்மா. மாத்திரையை இன்னைக்கே நிறுத்த வேண்டாம். படத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.'

நாய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது சாமானிய வேலையில்லை. 'மூச்சை இழுத்துப் பிடி' என்று சொல்ல முடியாது. நன்றாக மூச்சு இழுத்திருக்கும் நொடியில் படம் எடுத்தால் நுரையீரல் கறுப்பாக விரிந்து தெரியும். விட்ட நொடியில் எடுத்தால் அதே நுரையீரல் வெளுத்து, நீர் கோத்திருப்பதுபோலக் காட்டும். குண்டு நாய் என்றால் கொழுப்பு வேறு மறைக்கும். ஆசிரியை ஈய மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஜிம்மியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட இருமவில்லை.

படம் வந்ததும் மருத்துவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்ப்பது சுவாரஸ்யமாக இருந்திருக்கும். மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலிருந்து இதயத்தின் நுனிவரை ஒரு நீளம். அதற்குக் குறுக்கே, இதயத்தின் அகலமான இடத்தில் இன்னொரு நீளம். இரண்டையும் சென்டிமீட்டரில் எழுதவில்லை. அதே படத்தில் தெரிகிற முதுகெலும்பின் மேல் வைத்து, நெஞ்சுப் பகுதியின் நான்காவது எலும்பிலிருந்து தொடங்கி, எத்தனை எலும்புக்கு நீள்கிறது என்று எண்ணினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் புக்கானன் என்ற கால்நடை இதய மருத்துவர் தம் சகாவோடு சேர்ந்து 1995-ல் வெளியிட்ட முறை இது. சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே ஸ்கேலை வைத்து அளக்க முடியாது. அதனால் அவரவர் முதுகெலும்பே அவரவர் அளவுகோல். ஆரோக்கியமான நாய்களின் சராசரி 9.7 எலும்பு; 10.5-ஐத் தாண்டினால் இதயம் பெருத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சில ஜாதிகளுக்கு இயல்பே கொஞ்சம் கூடுதல் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிம்மிக்கு நீளம் 5.4, அகலம் 4.8. கூட்டினால் 10.2.

பிறகு இதயத்துக்கு எடுத்த எக்கோ ஸ்கேனும் அதையே சொன்னது. கசிவு உண்டு. மேலறை பெருக்கவில்லை. நுரையீரலில் நீர் இல்லை. இதய நிபுணர்கள் உலகெங்கும் பின்பற்றும் வகைப்பாட்டில் இது பி1: மர்மர் உண்டு, இதயம் பெருக்கவில்லை. 2019-ல் திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டுதலின்படி இந்தக் கட்டத்தில் இதய மருந்தே தேவையில்லை. ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

அடுத்த கட்டமான பி2 ஆக இருந்திருந்தால் கதை வேறு. 11 நாடுகளில் 360 நாய்களை வைத்து நடந்து, 2016-ல் வெளியான 'எபிக்' ஆய்வு, இதயம் பெருத்தும் இன்னும் மூச்சுத்திணறல் வராத நாய்களுக்குப் பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. மருந்து சாப்பிட்ட நாய்கள், இதயம் செயலிழக்கும் நிலை வரும்வரை அல்லது இதயக் கோளாறால் சாகும்வரை கழித்த காலம் நடுமதிப்பாக 1,228 நாள். வெறும் மாத்திரை சாப்பிட்டவை 766 நாள். ஏறத்தாழ 15 மாதம் வித்தியாசம். ஒரு நாயின் ஆயுளில் அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் பி1-ஆ, பி2-ஆ என்று அளந்து பார்ப்பது வெறும் சாஸ்திரத்துக்காக அல்ல. வேண்டாத நாய்க்கு மருந்து கொடுப்பதும் தப்பு, வேண்டிய நாய்க்குக் கொடுக்காமல் விடுவதும் தப்பு.

சிறுநீர் மாத்திரை ஜிம்மிக்கு வேண்டாத மருந்து. நுரையீரலில் நீர் கோத்த நாயை அது மரண வாசலிலிருந்து இழுத்து வரும். அதற்கு ஈடான மருந்து இல்லை. நீர் இல்லாத நாய்க்குக் கொடுத்தால் உடம்பை வறட்டி, சிறுநீரகத்துக்குப் பளுவாகும். மூச்சுக்குழாயின் கோழையையும் இறுகவைத்து இருமலைக் கூட்டும்.

தளர்ந்த குழாய்

அப்படியானால் இருமலுக்கு யார் காரணம்? பதில் அதே எக்ஸ்ரேயின் மேல்பாதியில் இருந்தது.

நாயின் மூச்சுக்குழாய், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நெளி குழாய்போல. குருத்தெலும்பு வளையங்கள் 35-லிருந்து 45 வரை வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் முழு வளையமல்ல; மேல்பக்கம் திறந்த 'ப' மாதிரி, அந்தத் திறப்பை மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, பூடில் போன்ற சின்ன ஜாதிகளில் இந்தக் குருத்தெலும்பு வரவரப் பலமிழக்கிறது. வளையம் சப்பையாகிறது, மேலே உள்ள சவ்வு தொய்ந்து உள்ளே விழுகிறது. குழாயின் உட்புறம் கால்பங்கு அடைந்தால் முதல் நிலை, பாதி இரண்டாவது, முக்கால் மூன்றாவது, முழுக்க ஒட்டிக்கொண்டால் நான்காவது. சவ்வும் எதிர்ச்சுவரும் உரசினால் இருமல். இருமினால் உரசல் இன்னும் கூடும். வாத்துச் சத்தம் இந்த விஷச் சுழலின் சத்தம்தான்.

இந்தக் கோளாறுக்குக் கண்ணாமூச்சி ஆடும் குணமும் உண்டு. கழுத்துப் பகுதிக் குழாய் மூச்சை இழுக்கும்போது ஒட்டும். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி மூச்சை விடும்போது ஒட்டும். ஒரே ஒரு படம் எடுத்து 'குழாய் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால் நம்புவதற்கில்லை. ஜிம்மிக்கு இழுத்தபோது ஒன்று, விட்டபோது ஒன்று எடுத்தார்கள். விட்டபோது எடுத்த படத்தில், நெஞ்சுக்குள் நுழைந்த இடத்தில் குழாய் ரிப்பன்போல மெலிந்திருந்தது.

பாதிக் காரணம் அது. மீதிப் பாதி வீட்டுக்குள் இருந்தது. மருத்துவர் கேட்டார்: 'கொசுவர்த்திச் சுருள் ஏத்துவீங்களாம்மா?'

ஏற்றுவார்கள், தினம். ஜிம்மி படுக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி. செவ்வாய், வெள்ளி சாம்பிராணி. காலையில் ஊதுபத்தி. கீழ்த்தள வீடு, ஜன்னலைத் திறந்தால் கொசு. மனிதர்கள் நாலடி உயரத்தில் உட்கார்ந்து சுவாசிக்கிறார்கள். நாய் தரையில், சுருளின் சாம்பல் விழும் தட்டுக்குப் பக்கத்தில். இப்படி ஆண்டுக்கணக்கில் புகையும் தூசியும் பட்டால் மூச்சுக்கிளைகளின் உட்சுவர் வீங்கித் தடிக்கிறது, கோழை கட்டுகிறது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் இருமல் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்பார்கள். தளர்ந்த குழாயும் அழற்சியும் கைகோத்து வருவது வழக்கம். உறுதிப்படுத்த வேண்டுமென்றால் மயக்கம் கொடுத்து, உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்து, கொஞ்சம் உப்புநீரால் கழுவியெடுத்த திரவத்தில் என்ன அணுக்கள், என்ன கிருமிகள் என்று சோதிக்க வேண்டும். பன்னிரண்டு வயது நாய், குண்டு, குழாய் தளர்ச்சி வேறு. மயக்க மருந்திலிருந்து எழுப்பும் நேரம் அபாயமானது. மருத்துவர் யோசித்து, முதலில் புகையையும் எடையையும் கழித்துப் பார்ப்போம் என்றார்.

அதே சத்தம், வேறு சேதி

எல்லா இருமலும் ஜிம்மியின் இருமல் அல்ல. சின்ன நாய் என்றால் குழாயும் வால்வும் முதலில் நினைவுக்கு வருவதுபோல, பெரிய நாய் என்றால் சிந்தனை வேறு பாதையில் போக வேண்டும்.

லாப்ரடாரை எடுத்துக்கொள்ளலாம். பதினொரு வயது. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிடும்போது இருமல். குரைப்பு கரகரத்துவிட்டது, 'கிழவன் குரல் மாதிரி ஆயிடுச்சு' என்று வீட்டில் சிரித்துக்கொள்கிறார்கள். மே மாத மத்தியானம் நாலு தெரு நடந்தால் ஊதல்போலச் சத்தம் போட்டு மூச்சு வாங்குகிறது. இது குரல்வளைப் பக்கவாதம். மூச்சு இழுக்கும்போது குரல்வளையின் கதவுகளைத் திறக்க வேண்டிய நரம்பு, மூளைப் பக்கத்திலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கத்தில் இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறி வருகிறது. இவ்வளவு நீண்ட நரம்பு வயதாகும்போது முதலில் நலிகிறது. பின்னங்கால் தள்ளாடுவதும் இதே நரம்புத் தளர்ச்சியின் இன்னொரு முகமாக இருக்கலாம். இந்த நாய்க்கு நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் கண்ணில் படாது. லேசான மயக்கத்தில் வாயைத் திறந்து, மூச்சு இழுக்கும்போது கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் இது வெறும் இருமல் அல்ல, உயிர்ப் பிரச்சினை. நாய்க்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் வசதி கிடையாது. இளைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். கதவு மூடியிருந்தால் எப்படித் தள்ளும்?

கருத்தடை செய்யாத பெட்டை நாய் என்றால் மருத்துவரின் கை முதலில் போக வேண்டிய இடம் நெஞ்சல்ல, மடி. கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி, 'அது ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர், ஒண்ணும் பண்ணல' என்று சொல்லப்படும் கட்டி, நுரையீரலுக்கு விதை தூவியிருக்கக்கூடும். இருமல் அதன் முதல் சேதியாக இருக்கலாம். இந்தச் சந்தேகம் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று போதாது, மூன்று வேண்டும்: வலப்பக்கம் படுக்கவைத்து, இடப்பக்கம் படுக்கவைத்து, நேராக. நாய் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றிழந்து சப்பையாகிவிடும். அதற்குள் இருக்கும் கட்டி படத்தில் மறைந்துபோகும். ஒரே படம் எடுத்து நிம்மதியாக வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மடிப் புற்றின் ஆபத்து, செய்யாதவற்றின் ஆபத்தில் 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8, இரண்டு பருவம் கழித்தால் 26 என்பது 1969-ல் வந்த, இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு. நம் வீடுகளில் 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்று காத்திருப்பதன் விலை இது.

புறநகரில் மாடுகளோடு திரியும் நாய்க்கு இன்னொரு சாத்தியம். சாணி வண்டைத் தின்னும் நாயின் உடம்பில் ஸ்பைரோசெர்கா என்ற புழு நுழைந்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியே ஊர்ந்து, உணவுக்குழாயில் முடிச்சு கட்டிக் குடியிருக்கும். வண்டைத் தின்ற பல்லியோ கோழியோகூட அதைக் கடத்திவிடும். சாப்பிட்டது அப்படியே திரும்பி வருவது, எச்சில் ஒழுகுவது, இளைப்பது, சில சமயம் இருமல். தென்னிந்தியாவில் பரவலாக இருக்கும் புழு. வெளிநாட்டுப் புத்தகங்களை மட்டும் படித்தால் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. அதற்கு நேர் எதிர் உதாரணம் இதயப்புழு. இணையத்தில் நாய் இருமல் என்று தேடினால் அமெரிக்கப் பக்கங்கள் முதலில் அதைத்தான் காட்டிப் பயமுறுத்தும். கொசுவால் பரவும் அந்தப் புழு இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் நன்கு அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதிகம் காணப்படுவது அதன் பங்காளி, தோலுக்கு அடியில் குடியிருக்கும் இன்னொரு இனம். ரத்தத்தில் குட்டிப் புழு நெளிவதைப் பார்த்தவுடன் 'இதயப்புழு, அதுதான் இருமல்' என்று முடிவு கட்டினால், மர்மர் கேட்டு முடிவு கட்டிய அதே தவறு.

1903-லிருந்து வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை தவிர, இப்போது பெரிய ஊர்களில் தனியார் இடங்களிலும் நாய்க்கு எக்கோ எடுக்கிறார்கள். வசதி வந்துவிட்டது. வரவேண்டியது, கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் பத்து நிமிடம்.

ஜிம்மிக்கு மருந்தைவிட மாற்றங்கள்தான் அதிகம் எழுதிக் கொடுக்கப்பட்டன. சிறுநீர் மாத்திரையும் இதய மாத்திரையும் நின்றன. மூச்சுக்குழாயின் வீக்கம் தணிய ஸ்டீராய்டு, சில வாரம் மட்டும், அளவைக் குறைத்துக்கொண்டே வந்து. அது பசியைக் கிளறும் மருந்து. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு நீண்ட நாள் கொடுப்பது சிரமம் என்பதால், பிறகு குழந்தைகளுக்கு ஆஸ்துமா மருந்து கொடுக்கும் முகமூடி வைத்த ஸ்பேசர் வழியே உறிஞ்சும் மருந்து. முதல் வாரம் முகமூடியைக் கண்டாலே ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேகவைத்த கேரட் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரன் பழக்கினான்.

கழுத்துப்பட்டை போய், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வந்தது. சுருள் போய்க் கொசுவலை வந்தது. சாம்பிராணி விஷயத்தில் மட்டும் ஆசிரியை சமரசத்துக்கு வந்தார்: வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் ஜிம்மி மொட்டை மாடியில் இருக்கும்போது. தட்டிலிருந்து பங்கு போடுவதை நிறுத்தத்தான் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. தாத்தா ஒளித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனைத் தராசு காட்டிக்கொடுத்தது.

ஐந்து மாதத்தில் ஒன்பதரை கிலோ, ஏழு கிலோ எழுநூறு கிராம் ஆயிற்று. மேஜை நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே சின்னதாக ஓர் எண் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆசிரியை கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு எண்ணுவது: 21, 19, 22, 20. ஒரு நாள் மட்டும் 31 என்று எழுதி அடித்திருக்கிறது. பக்கத்தில் 'கனவு' என்று குறிப்பு. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் மேலறை அதே அளவில் இருந்தது. அடுத்தது தை மாதம்.

இருமல் முழுக்கப் போகவில்லை. தளர்ந்த வளையங்கள் இனி நிமிரப்போவதில்லை என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பகலில் அநேகமாக இல்லை. விடியற்காலை நாலரைக்கு, பால் பை கம்பியில் மாட்டப்படும்போது மட்டும், மூன்றாவது குரைப்பில் இரண்டு தடவை. பால் போடும் பையன் இப்போதெல்லாம் மணியடிப்பதில்லை. சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். ஜிம்மிக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.